மூன்று சென்ட் நீக்கி

2014 ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை. மதுரை மாவட்டம், பேரையூர் வட்டம், நரியங்குளம் கிராமம், புல எண் 118/2-இல் புஞ்சை 1 ஏக்கர் 40 சென்ட்டில் 3 சென்ட் நீக்கி, பாக்கி 1 ஏக்கர் 37 சென்ட் நிலத்தை நல்லகாமன் என்பவர் மருது என்பவருக்குக் கிரயம் செய்துகொடுத்த பத்திரம் பதிவானது. கடைசிப் பக்கத்தின் அடியில், தயாரித்தவர் பசுபதி, பத்திர எழுத்தர் என்று இருக்கிறது.

பசுபதிக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. பேரையூரில் பத்திரம் எழுத ஆரம்பித்து இருபத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது. மற்ற எழுத்தர்கள் பழைய பத்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டு பேரையும் தேதியையும் மட்டும் மாற்றி அடித்துக் கொடுப்பார்கள். பசுபதி எழுதப்போகும் நிலத்தை ஒரு தடவையாவது போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஸ்கூட்டரின் முன்பெட்டியில் முப்பது மீட்டர் டேப் ஒன்று எப்போதும் கிடக்கும். வடக்கே யார் நிலம், தெற்கே எந்தப் பாதை, கிழக்கே என்ன, மேற்கே என்ன என்று நான்கு மாலும் எழுதி, ஒவ்வொரு பக்கத்துக்கும் அடிக்கணக்கும் எழுதி, 'இதன் மத்தியில்' என்று இடத்தை அடைத்துக் காட்டினால்தான் அவருக்குப் பேனாவை மூட மனசு வரும். "பொழுதுபோகாத மனுசன், வரப்பு வரப்பா நடக்குறாரு" என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். அவர் எழுதிய பத்திரம் எதுவும் அதுவரை கோர்ட்டுக்குப் போனதில்லை.

நரியங்குளத்துக்கும் அப்படித்தான் போனார். கிணறு வற்றி மூன்று வருஷம். போர் போட்டுப் பார்த்தும் தண்ணீர் இல்லை. விற்பதைத் தவிர நல்லகாமனுக்கும் அவர் மனைவி ஒச்சாயிக்கும் வேறு வழி தெரியவில்லை. ஆனால் அந்த நிலத்தில் அவர்களுடைய மகள் முனீஸ்வரி இருந்தாள். 2009-இல் பருத்தி எடுக்கும்போது கண்ணாடிவிரியன் கடித்துச் செத்துப்போனாள். பதினேழு வயது. கல்யாணமாகாமல் போன பெண் அந்த வீட்டுக்குக் கன்னி. அவளைச் சொந்த நிலத்திலேயே அடக்கி, தலைமாட்டில் கல் ஊன்றி, வருஷா வருஷம் தைப்பொங்கலுக்கு மறுநாள் புதுப் பாவாடையும் கண்ணாடி வளையலும் வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். அதற்காகத்தான் அந்த மூன்று சென்ட்.

"மூணு சென்ட் எதுக்குய்யா?" என்று கேட்டார் பசுபதி.

"புள்ளைக்கு ஒரு சென்ட்டே போதும்ங்கய்யா," என்றார் நல்லகாமன். "நாங்க பொங்க வைக்க, நின்னு கும்பிட, ரெண்டு."

மேற்கு வரப்பில் ஒற்றைப் பனை. சாயங்காலம் நாலு மணி இருக்கும். பனையின் நிழல் கிழக்கே நீண்டு, அதன் கொண்டை சரியாக அந்தக் கல்லின் மேல் விழுந்திருந்தது. கல்லைச் சுற்றிப் பச்சை வளையல் துண்டுகள். பசுபதி டேப்பை இழுத்தார். நல்லகாமன் குறுக்கே வந்து நின்றார்.

"அது வேணாம்ங்கய்யா."

"அளக்காம எப்படி எழுதுறது?"

"நிலத்தை அளங்க. எம்புட்டு வேணும்னாலும் அளங்க. புள்ள படுத்திருக்கிற எடத்துல மட்டும் டேப்பு போடாதீக. குழி வெட்டுறப்ப கம்பை வச்சு அவ நீளத்தை அளந்தது நாந்தான். இன்னொருவாட்டி அவளை அளக்க விடமாட்டேன்."

"கன்னியை அளந்தா ஆகாதுங்கய்யா," என்றாள் பின்னால் நின்ற ஒச்சாயி. "எங்க வகையில அளக்குறதில்ல."

"சரி, அளக்கல. பனையை அடையாளமா வச்சு, அதுக்குக் கிழக்கே சமாதி, அதைச் சுத்தி மூணு சென்ட்டுன்னு எழுதிர்றேன்."

நல்லகாமன் குனிந்து ஒரு வளையல் துண்டை எடுத்துக் கல்லோடு சேர்த்து வைத்தார். பிறகு சொன்னார். "விக்கிற தாள்ல எம்மக வரக்கூடாதுங்கய்யா. பேரும் வேணாம், சமாதிங்கிற சொல்லும் வேணாம். மருதுவுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். பெறகென்ன?"

அவர் குரலில் இருந்தது கோபமில்லை. கெஞ்சலும் இல்லை. பசுபதி டேப்பை மறுபடி சுருட்டினார். அன்று இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பனாக அவர் செய்த காரியம் அது. பத்திர எழுத்தராகச் செய்யக்கூடாத காரியமும் அதுதான். 'எங்கள் குடும்ப பாத்தியத்துக்காக 3 சென்ட் நீக்கி' என்று எழுதினார். ஒரு ஏக்கர் நாற்பது சென்ட்டுக்கும் நான்கு மால் எழுதினார். கிணற்றை எழுதினார், கிழக்கு ஓரத்து வண்டிப்பாதையை எழுதினார். அந்த மூன்று சென்ட் எந்த மூலையில் இருக்கிறது என்று மட்டும் எழுதவில்லை.

அதற்குப் பிறகு மருது அந்த நிலத்தில் மக்காச்சோளம் போட்டான். கல்லுக்குப் பக்கத்தில் அவன் ஏர் போகவில்லை. தையில் இவர்கள் வரும்போது அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். 2019-இல் நல்லகாமன் இறந்தார். ஒச்சாயி ஊரை விட்டு நாகமலை புதுக்கோட்டைக்குப் போய், மாணவர்கள் தங்கும் தனியார் விடுதி ஒன்றில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். தைக்கு மட்டும் வந்து போனாள். 2022-இல் மருது நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூர் போனது அவளுக்குத் தெரியாது.

2023 ஜனவரியில், பொங்கலுக்கு மறுநாள், பாவாடையும் வளையலும் வைத்த மஞ்சள் பையோடு அவள் போனபோது நிலம் முழுவதும் ஜேசிபி ஓடி, பலகை போல் மட்டமாகிக் கிடந்தது. கிணற்றைத் தூர்த்திருந்தார்கள். மேற்கு வரப்புப் பனை மட்டும் நின்றது. கல் இல்லை. மஞ்சள் பெயிண்ட் அடித்த சின்னச் சின்னக் கற்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு எண்.

அன்று மத்தியானம் அவள் பசுபதியின் கடைக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அய்யா, நீங்க எழுதுன தாள்ல எம்புள்ளைக்கு எடம் விட்டிருக்கீகல்ல. அதை எடுங்க. கொண்டுபோய்க் காட்டுறேன்."

பசுபதி நகலை எடுத்து, சொத்து விவரம் இருந்த பக்கத்தைப் பிரித்தார். '3 சென்ட் நீக்கி' என்ற வரியில் விரலை வைத்தார்.

தல்லாகுளத்தில் வக்கீல் அனந்தலக்ஷ்மியிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான். அந்த அம்மாள் பத்திரத்தையும் பசுபதி வாங்கி வந்திருந்த மனைப் படத்தையும் இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணு சென்ட் இவங்களுக்குன்னு இருக்கு. அதை யாரும் மறுக்க முடியாது. புதுசா வாங்கின சூரியபிரகாஷும் மறுக்கல. மனைப் படத்துல வடமேற்கு மூலையில, ஓடைக்கரையில மூணு சென்ட் விட்டிருக்காரு. எங்கேன்னு பத்திரம் சொல்லலையே சார். அப்ப அவர் விட்ட இடம்தான் இடம்."

"ஓடைக்கரையில எம்மக இல்லம்மா," என்றாள் ஒச்சாயி.

"போட்டோ ஏதாவது இருக்கா?"

"கன்னியைப் போட்டோ புடிக்கிறதில்லம்மா."

"மருது?"

"வில்லங்கம் எதுவும் கிடையாதுன்னு எழுதிக்கொடுத்து வித்துட்டுப் போயிருக்கான்," என்றார் பசுபதி. "வந்து சமாதி இருந்துச்சுன்னு சொன்னா அவன் எழுதினது பொய்யாகும். போனை எடுக்க மாட்டேங்கிறான்."

அனந்தலக்ஷ்மி பேனாவால் மேஜையைத் தட்டினார். "உறவுக்காரங்களைக் கூட்டிட்டு வந்தா, சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டு வந்தாங்கம்பாங்க. எழுதினவர் நீங்க இருக்கீங்க. நேர்ல போய்ப் பார்த்திருக்கீங்க. கோர்ட்ல கமிஷனர் போடச் சொல்லிக் கேட்கிறேன். அவர் வந்து பார்க்கிற அன்னைக்கு அம்மா இடத்தைக் காட்டணும், நீங்க அதேதான்னு சொல்லணும். ரெண்டு பேர் கையும் ஒரே இடத்துல இருக்கணும் சார். வேற ஒண்ணுமே நம்மகிட்ட இல்ல."

கமிஷனராகக் கோர்ட் அனுப்பிய இளம் வக்கீல் ஸ்ரீராம்குமார் செப்டம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தார். அளப்பதற்கு சர்வேயர் அழகுபாண்டி. சூரியபிரகாஷ் முன்கூட்டியே பந்தல் போட்டு நாற்காலி வைத்திருந்தான். எல்லார் கையிலும் மோர் பாக்கெட் கொடுத்தான்.

"குடிங்கம்மா, வெயிலு," என்று ஒச்சாயிக்கும் நீட்டினான். அவள் வாங்கவில்லை. அவன் அழகுபாண்டியிடம் திரும்பினான். "அண்ணே, நம்ம பக்கத்துல எந்தக் கல்லைப் பெரட்டினாலும் அடியில ஒரு சாமி இருக்கும். அம்புட்டுக்கும் எடம் விட்டா மனுசன் எங்கண்ணே குடியிருக்கிறது?"

"வேலையைப் பார்க்க விடு மாப்ள," என்றார் அழகுபாண்டி.

"எதிலிருந்து அளக்கணும்?" என்று கமிஷனர் கேட்டார்.

"கெணத்துல இருந்துங்கய்யா," என்றாள் ஒச்சாயி. "புள்ளைய வச்ச பெறகு ரெண்டு வருசம், தெனமும் வெடிய கெணத்துல ஒரு கொடம் எடுத்துட்டுப் போயி அவ மேல வச்ச செவ்வந்திக்கு ஊத்துவேன். கெணத்துக் கரையில இருந்து பனையைப் பார்த்து நடந்தா எழுபத்திரெண்டு எட்டு. ஒரு எட்டு கூடாது, குறையாது."

கிணறு தூர்ந்துபோயிருந்தாலும் அழகுபாண்டிக்கு அது சிரமமாக இல்லை. புலப்படத்தில் கிணறு இருந்தது, பத்திரத்திலும் இருந்தது. இரண்டு பக்கத்து எல்லைக் கற்களிலிருந்தும் சங்கிலி பிடித்து, கால் மணி நேரத்தில் கிணற்றின் மேற்குக் கரை இருந்த இடத்தில் ஒரு ஆணியை அடித்தார். மண்ணைக் கொஞ்சம் கிளறியதும் கரைக் காரை தட்டுப்பட்டது. பசுபதி அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒச்சாயி செருப்பைக் கழற்றிவிட்டு ஆணிக்குப் பக்கத்தில் நின்றாள். பனையைப் பார்த்தாள். நடந்தாள். இடது முட்டி தேய்ந்து நாலு வருஷம் ஆகிறது. அந்தக் காலை லேசாக இழுத்துத்தான் வைப்பாள். வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனாள். நாற்பதில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினாள், மறுபடி நாற்பத்தொன்றிலிருந்து எண்ணினாள். எழுபது, எழுபத்தொண்ணு, எழுபத்திரெண்டு. நின்ற இடத்திலேயே குனிந்து மண்ணைத் தொட்டாள். கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இங்கதாங்கய்யா."

அழகுபாண்டி அங்கே ஒரு ஆணி அடித்தார். அது பதினான்காம் எண் மனை. கமிஷனர் எழுதிக்கொண்டு பசுபதியைப் பார்த்தார்.

"சார், பத்திரம் எழுதறதுக்கு முன்னாடி நீங்க வந்து பார்த்த இடம் இதுதானா?"

அவள் ஐம்பத்தைந்தாவது எட்டு வைக்கும்போதே பசுபதிக்குத் தெரிந்துவிட்டது. பனை ரொம்பத் தூரத்தில் இருந்தது. இந்த இடத்துக்கு அந்தச் சாயங்கால நிழல் வந்திருக்க முடியாது. கல் இருந்தது இன்னும் மேற்கே. அவர் மனசில் அந்த நிழலும் கல்லும் வளையல் துண்டும் அப்படியே இருந்தன.

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அனந்தலக்ஷ்மி அதைத்தான் கேட்டிருந்தார். கோர்ட் இந்த மூன்று சென்ட்டை இவளுக்குக் கொடுக்கக்கூடும். இவள் தை தோறும் வந்து ஒன்றுமில்லாத மண்ணில் பொங்கல் வைப்பாள். அந்தப் பக்கம், பத்துப் பதினைந்து தப்படி தள்ளி, யாரோ வீடு கட்டுவார்கள். கக்கூஸ் தொட்டிக்குக் குழி வெட்டுவார்கள். அன்றைக்கு நல்லகாமன் முகத்தைப் பார்த்து இடத்தை எழுதாமல் விட்டார். இன்றைக்கு இவள் முகத்தைப் பார்த்துத் தப்பான இடத்தை எழுத வைப்பதா? அவர் தன் கையில் இருந்த மோர் பாக்கெட்டைக் கீழே வைத்தார்.

"இல்லைங்க," என்றார். "இன்னும் மேற்கே."

ஒச்சாயி திரும்பிப் பார்த்தாள்.

பசுபதி பனையை நோக்கி நடந்துபோய் ஒரு இடத்தில் நின்றார். பதினைந்தாம் எண் மனைக்கு நடுவில். அழகுபாண்டி அங்கேயும் ஒரு ஆணி அடித்து, இரண்டு ஆணிக்கும் நடுவே டேப்பைப் போட்டார். "பதினொண்ணு புள்ளி நாலு மீட்டர் சார்."

மூன்று சென்ட்டைச் சதுரமாக வெட்டினால் ஒரு பக்கம் பதினொரு மீட்டர். இரண்டு பேர் சொன்ன இடமும் ஒன்றையொன்று தொடக்கூட இல்லை.

ஒச்சாயி இரண்டு ஆணியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள்.

"அய்யா சொல்றதுதான் சரி," என்றாள் கமிஷனரிடம். "முட்டி போனதுல இருந்து எட்டு சிறுத்துப்போச்சு. அதை நான் நெனைக்கல. அய்யா நிக்கிற எடந்தான். அப்படியே எழுதிக்கங்க."

"முதல்ல நீங்க காட்டினதை எழுதியாச்சும்மா. இப்ப சொல்றதையும் எழுதிக்கிறேன். ரெண்டும் ரிப்போர்ட்ல வரும்."

"அவுகளுக்குள்ளயே பேசி முடிவு பண்ணிட்டு வரட்டும் சார்," என்றான் சூரியபிரகாஷ். "நான் காத்திருக்கேன்."

கமிஷனர் அவனைக் கண்டுகொள்ளவில்லை. குரலைத் தாழ்த்தி அவளிடம் சொன்னார். "ஒரு வழி இருக்கும்மா. தோண்டிப் பார்க்க உத்தரவு கேட்டு மனு போடலாம். எலும்பு கிடைச்சா இடம் நிச்சயமாயிரும்."

"தோண்டி?"

"ஆமா."

"அளக்கவே விடாத மனுசன் அவுக அப்பா," என்றாள் ஒச்சாயி. "வேணாம்ங்கய்யா." செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. இரண்டு பேரும் ஒரு விளம்பரப் பலகையின் அடியில் நின்றார்கள். சூரியபிரகாஷின் மனைகளுக்கான பலகைதான் அது.

"ஆமான்னு சொல்லியிருக்கலாம்ல நீங்க," என்றாள் ஒச்சாயி.

"சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா அந்த எடத்துலயே வந்து கும்பிட்டுட்டுக் கெடப்பேன். அவ அங்க இல்லன்னு எனக்குத் தெரியாமலே போயிருக்கும்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இப்ப அவ எங்க இருக்கான்னு தெரியும். போக முடியாது."

"அளந்திருக்கணும்மா. அன்னைக்கே. நல்லகாமன் வேணாம்னாலும் அளந்திருக்கணும்."

"அவரு விட்டிருக்க மாட்டாரு."

"நீங்க போன பெறகாவது தனியா வந்து அளந்து எழுதியிருக்கலாம். டேப்பு வண்டியிலதான் இருந்துச்சு."

பஸ் வந்தது. "வாரேன்" என்று சொல்லிவிட்டு ஏறி, முன்னால் பெண்கள் சீட்டில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். அது பசுபதியும் போகவேண்டிய பஸ். அவர் அடுத்த பஸ்ஸுக்காக நின்றார்.

வழக்கு ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தது. எதிர்த் தரப்பு வக்கீல் பசுபதியை நாற்பது நிமிஷம் குறுக்கு விசாரணை செய்தார். சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார்.

"எத்தனை பத்திரம் எழுதியிருப்பீங்க?"

"நாலாயிரத்துக்கு மேல."

"பிரிச்சு ஒதுக்கின இடத்துக்கு நான்கு மால் எழுதாம விட்ட பத்திரம் எத்தனை?"

"இது ஒண்ணுதான்."

"அப்படின்னா வேணும்னேதான் விட்டிருக்கீங்க. இந்த மூணு சென்ட் எங்க வேணா இருக்கலாம்ங்கிறதுதான் அன்னைக்கு ரெண்டு தரப்புக்கும் சம்மதம். சரியா?"

"இல்லைங்க. அது அவங்க மகளோட இடம்."

"அப்படிப் பத்திரத்துல இருக்கா?"

"இல்லை."

2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. மூன்று சென்ட்டில் வாதிக்கு உரிமை உண்டு. அது எந்த இடம் என்று பத்திரத்திலிருந்து தெரியவில்லை. வாதியும் அவர் தரப்புச் சாட்சியும் வெவ்வேறு இடங்களைக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே எதிர்த் தரப்பு மனைப் படத்தில் ஒதுக்கிய இடமே அந்த மூன்று சென்ட். மேல்முறையீடு செய்யலாம் என்று அனந்தலக்ஷ்மி சொன்னார். ஒச்சாயி வேண்டாம் என்றாள்.

பட்டாவுக்கு மனு போட, சொத்து விவரம் எழுதித் தரவேண்டியிருந்தது. பசுபதி ஒரு நாள் காலையில் தனியாக நரியங்குளத்துக்குப் போய், ஓடைக்கரையில் டேப்பைப் போட்டு அளந்தார். நுனியைப் பிடிக்க ஆள் இல்லாததால் ஒரு கல்லைத் தூக்கி அதன் மேல் வைத்துக்கொண்டார். திரும்பி வந்து எழுதினார்:

'நரியங்குளம் கிராமம், புல எண் 118/2-இல் வடமேற்கு மூலையில், ஓடைக்குத் தெற்கு, மனை எண் 23-க்கு மேற்கு, பொதுப்பாதைக்கு வடக்கு, மேற்கு வரப்புக்குக் கிழக்கு, இதன் மத்தியில் கிழமேல் இருபுறமும் 33 அடி, தென்வடல் இருபுறமும் 39.6 அடி, ஆக 1306.8 சதுர அடிக்கு 3 சென்ட்.'

அதில் ஒரு பிழையும் இல்லை. 2025 பிப்ரவரியில் ஒச்சாயி பேரில் பட்டா வந்தது. அதற்கு முந்தின மாதம், பொங்கலுக்கு மறுநாள், அவள் நரியங்குளத்துக்கு வரவில்லை. ஜூன் மாதம் பதினான்காம் எண் மனையும் பதினைந்தாம் எண் மனையும் விற்பனையாயின.